தாய் குடித்த மருந்து

அத்திப்பட்டில் ஒரு காலத்தில் பிள்ளைக்குச் சளி பிடித்தால் மருந்து குடித்தது தாய்தான். மூன்று மாதக் குழந்தை மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் அழுதால், வீட்டு ஆயா பெற்றவளைத்தான் முதலில் விசாரிப்பாள். "நேத்து இன்னாடி துன்னே?" தயிரா, பூசணிக்காயா, தண்ணீரில் ஊறிய பழைய சோறா என்று குறுக்கு விசாரணை நடக்கும். பிறகு சுக்குக் கஷாயம் கொதிக்கும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பவள் தாய், அது வேலை செய்ய வேண்டியது பிள்ளையின் நெஞ்சில். யாரும் இதை விசித்திரமாக நினைத்ததில்லை.

இந்த ஊரில் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் நான் மருந்துக்கடை வைத்தது 1988-இல். அனல்மின் நிலையத்துக்கு அப்போது இடம் சீராகிக்கொண்டிருந்தது. அதன் முதல் அலகு ஓடத் தொடங்கியது 1994-இல். அதற்குப் பிறகு துறைமுகம் வந்தது, இன்னும் அனல்மின் நிலையங்கள் வந்தன, உப்பளங்கள் சுருங்கின, கும்மிடிப்பூண்டி வரை கம்பெனிகள் நிரம்பின. கடைக்கு வருகிறவர்கள் மாறினார்கள். ஒரு கேள்வி மட்டும் மாறவே இல்லை. "யக்கா, நான் பால் குடுக்கறேன். இந்த மாத்திரைய போட்லாமா?" இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நம் திருவள்ளூர் ஜில்லாவுக்குப் பெரிய பங்கு இருப்பது இங்கேயே பலருக்குத் தெரியாது.

முதலில் பத்தியம். பிள்ளை பெற்ற வீட்டின் அடுப்படியை நினைத்துப் பாருங்கள். எண்ணூர் முகத்துவாரத்திலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் கூடை சுமந்து வரும் மீன்காரம்மாவுக்கு எந்தத் தெருவில் யாருக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது என்பது அத்துப்படி. அந்த வீட்டுக்கென்று பால்சுறாவைத் தனியாக எடுத்து வைத்திருப்பாள். அதை மஞ்சள் போட்டு வேகவைத்து, சொரசொரப்பான தோலைத் தேய்த்து உரித்து, முள் எடுத்து உதிர்ப்பார்கள். கைநிறையப் பூண்டு நசுக்கி, இஞ்சி தட்டி, மிளகாய்க்குப் பதில் மிளகுத்தூள் போட்டு, நல்லெண்ணெயில் புட்டாக வதக்குவார்கள். பால் நன்றாகச் சுரக்கும் என்பது நம்பிக்கை. புரதம் நிறைந்த நல்ல சாப்பாடு என்பது என் கணக்கு. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பனைவெல்லம் சேர்த்த லேகியம் காலையில் நெல்லிக்காய் அளவு. பிள்ளைக்கென்று உரைகல்லில் சுட்ட வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் ஆகியவற்றைத் தாய்ப்பாலிலேயே உரைத்து நாக்கில் தடவுவார்கள்.

இதெல்லாம் வெறும் கிழவி வைத்தியம் இல்லை. சுசுருத சம்ஹிதை பிள்ளைகளை மூன்றாகப் பிரிக்கிறது: பால் மட்டும் குடிப்பது, பாலும் சோறும் சாப்பிடுவது, சோறு மட்டும் சாப்பிடுவது. மருந்து யாருக்கு என்பது இந்தப் பிரிவைப் பொறுத்தது. பால்குடிக்கு நோய் என்றால் பாலூட்டுகிறவளுக்கும் மருந்து உண்டு. சித்த மருத்துவத்தில் பிள்ளை நோய்களுக்கென்றே பாலவாகடம் என்ற நூல் இருக்கிறது. தாய் உண்பது பாலில் இறங்கும் என்பதை எந்தச் சோதனைச்சாலையும் இல்லாமல் கண்டுகொண்டவர்கள் நம் முன்னோர். எவ்வளவு இறங்கும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அந்தப் பழக்கத்தில் தவறுகளும் இருந்தன. சீம்பாலைக் கெட்ட பால் என்று பீச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் புகட்டினார்கள். பிரசவித்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு வைக்கும் என்று நாக்கு வறள விட்டார்கள். பால் ஊற வேண்டிய உடம்புக்குத் தண்ணீரைத் தடுத்தது எந்த நியாயமும் இல்லாத கொடுமை. 'பிள்ளை வளர்ப்பான்' என்று நாம் கொண்டாடும் வசம்பில் அசரோன் என்ற பொருள் இருக்கிறது. எலிகளுக்கு அது புற்றுநோய் உண்டாக்கியதைக் கண்டு அமெரிக்கா 1968-இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது. கையில் வசம்பு வளையல் கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உரைத்து உள்ளே கொடுக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பிறகு வந்தது மிக்சர் காலம். கம்பவுண்டர் கலக்கிக் கொடுக்கும் சிவப்புத் தண்ணீர். பாட்டிலின் பக்கவாட்டில் வேளைக்கு ஒரு வெட்டு என்று கத்தரித்த காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். பத்தியத்தில் தாயும் பிள்ளையும் ஒரே நோயாளி. இந்தப் புதிய வைத்தியத்தில் அவர்கள் இரண்டு சீட்டு, இரண்டு வரிசை. தாய்க்கு எழுதுகிறவர் பிள்ளையைப் பார்ப்பதில்லை. பார்க்காத பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் ஒரு வரி பழக்கமாயிற்று: "மருந்து சாப்பிடுகிற வரைக்கும் பாலை நிறுத்தும்மா." எழுதுவதற்குச் சுலபமான வரி. பிள்ளைக்கு அதற்குப் பிறகு என்ன கொடுப்பது என்பதை அந்தச் சீட்டு சொல்லாது.

எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையை மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்து, 1960 வாக்கில் குஜராத்தின் ஆனந்தில் அதைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். தாய் இல்லாத பிள்ளைக்கு அது உயிர்காக்கும் பொருள்தான். ஆனால் தாய் பக்கத்திலேயே இருந்தும் பால் நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு, எங்கள் பக்கத்தில் டின் பாலை எதில் கரைப்பது? 1960-களின் கடைசியிலிருந்து மீஞ்சூர் வட்டாரக் கிணறுகளிலிருந்து ஆலைகளுக்கும் சென்னைக்கும் தண்ணீர் இறைத்ததில், கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். உப்பு எவ்வளவு கொதித்தாலும் போகாது, இன்னும் கெட்டியாகும். விலை கட்டாமல் ஒரு ஸ்பூன் போடுகிற இடத்தில் அரை ஸ்பூன் போட்டு, வெளிறிய தண்ணீராகப் பிள்ளைக்குப் புகட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கழுவ முடியாத ரப்பர் குழாய் வைத்த பாட்டில்களையும் பார்த்திருக்கிறேன். மருந்து கலந்த தாய்ப்பால் கெடுத்த பிள்ளைகளைவிட, மருந்துக்குப் பயந்து நிறுத்தப்பட்ட பாலால் கெட்ட பிள்ளைகளே இந்த ஊரில் அதிகம் என்று உறுதியாக நம்புகிறேன்.

சிங்கப்பூரில் அதற்கு முன்பே, 1939-இல், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிய ரோட்டரி சங்கக் கூட்டத்தில், இனிப்பேற்றிய டப்பாப் பாலைக் குழந்தை உணவு என்று விற்பதைக் கொலைக்குச் சமமாகப் பேசினார். நம் ஆட்களும் கூலிக்குப் போய்க் குடியிருந்த ஊர் அது. இந்தியா இதற்கென்று சட்டம் போட 1992 வரை ஆயிற்று. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விளம்பரம் செய்யக் கூடாது என்ற அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது.

இனி, என் மனசுக்கு நெருக்கமான பகுதி: காசநோய்.

என் பெரியம்மாவுக்கு 1950-களின் தொடக்கத்தில் காசநோய் வந்தது. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் வேறு வழியும் இல்லை. மார்பில் பால் கட்டி, துணியை இறுகக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினாளாம். பிள்ளைக்குக் கேழ்வரகுக் கஞ்சியும் தண்ணீர் கலந்த பசும்பாலும். அவள் திரும்பி வந்தாள். பிள்ளை இல்லை. எங்கள் ஆயா இதைச் சொல்லும்போதெல்லாம் பெரியம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் வேதியியல் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து அதை நடத்தின. அவர்கள் கேட்ட கேள்வி ஏழை வீட்டுக் கேள்வி. சானடோரியத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வோடு கொடுக்கும் சிகிச்சையும், ஒற்றை அறை வீட்டில் அரைவயிற்றுச் சோற்றோடு கொடுக்கும் அதே மருந்தும் ஒரே பலன் தருமா? ஐசோனியாசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகளையும் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது: குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூடவே இருந்தவர்களுக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த மெட்ராஸ் ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த ஆய்வு தாய்ப்பாலைப் பற்றியது இல்லை. ஆனால் நான் அதை எப்போதும் தாய்களின் கண் வழியாகத்தான் பார்க்கிறேன். வீட்டில் இருந்தே குணமாகலாம் என்றால் பிள்ளையை விட்டுப் பிரிய வேண்டாம். பிரிய வேண்டாம் என்றான பிறகுதான் அடுத்த கேள்விக்கே இடம் வந்தது: மருந்து சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்பதே பதில். காசநோய்க்கான முதல்வரிசை மருந்துகள் பாலில் மிகக் கொஞ்சம்தான் இறங்குகின்றன. பிள்ளைக்குக் கெடுதல் செய்யும் அளவுக்கு இல்லை. அதே சமயம் பிள்ளையைக் காக்கும் அளவுக்கும் இல்லை. பத்தியத்தின் கணக்கு இங்கேதான் தப்புகிறது. தாய் சாப்பிடும் ஐசோனியாசிட் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று இருந்துவிட முடியாது. பிள்ளைக்கு நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, அதன் எடைக்கேற்ற தடுப்பு மருந்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

எங்களுக்கு மேற்கே, அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவின் திருவள்ளூர் பகுதியில், 1968 முதல் 1971 வரை வீடு வீடாகப் போய் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு வெறும் மருந்தில்லா ஊசி. காசநோய்த் தடுப்பூசிக்கென்று உலகில் நடந்த பெரிய சோதனைகளில் ஒன்று அது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. ஆனாலும் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயை அது தடுக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியதால், பிறந்த பிள்ளையின் இடது தோளில் இன்றும் அந்த ஊசி விழுகிறது. 1999-இல் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையான டாட்ஸ் முறைக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டதும் நம் திருவள்ளூர்தான். நம் கைகளில் குத்திய ஊசிகளும் நாம் துப்பிக் கொடுத்த சளி டப்பாக்களும் உலகத்துக்குப் பாடமாயின.

சில வருஷங்களுக்கு முன்பு கைப்பிள்ளைக்காரி ஒருத்தி கடை வாசலில் நின்று அழுதாள். நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை ஆரம்பித்து ரெண்டாவது நாள். சிறுநீர் செங்காவி நிறத்தில் போகிறது, பாலிலும் ரத்தம் கலந்து பிள்ளைக்குப் போகுமோ என்று அவளுக்குப் பயம். மாமியார் பாலை மறக்கடிக்க மார்பில் வேப்பெண்ணெய் தடவச் சொல்லியிருந்தாள். அது ரத்தம் இல்லை, ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் சாயம், கண்ணீரும் வேர்வையும்கூட நிறம் மாறலாம், பயப்படாதே என்று சொல்லி, மாமியாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினேன். சளியில் கிருமி அடங்கும் வரை வாயில் துணி கட்டிக்கொண்டு பால் கொடு, பிள்ளையின் தடுப்பு மருந்தை ஒரு நாளும் தவறவிடாதே, அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பைரிடாக்சின் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடு என்றேன். மாமியார் கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப நான் வைக்கிற கஷாயம்?" வையுங்கம்மா, மருந்தைவிட்டு ரெண்டு மணி நேரம் தள்ளி வையுங்க என்றேன். ஆறு மாதமும் முடித்தாள். பிள்ளையும் நன்றாக இருக்கிறது.

பாலில் இறங்கும் மருந்துகளைப் பற்றி நம்பகமான பட்டியல்கள் வரத் தொடங்கியது தாமதமாகத்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1983-இல் முதல் பட்டியலை வெளியிட்டது. தாமஸ் ஹேல் என்ற மருந்தியல் பேராசிரியரின் புத்தகம் 1992-இல் வந்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002-இல் அத்தியாவசிய மருந்துகள் ஒவ்வொன்றுக்கும் பால் கொடுக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுத்தன. 2006-இல் லாக்ட்மெட் என்ற இலவசத் தகவல் களம் வந்தது. இப்போது என் போனில் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து சொல்வது இதுதான்: பாலை நிறுத்தியே ஆக வேண்டிய மருந்துகள் சிலவே. புற்றுநோய் மருந்துகள், கதிரியக்க அயோடின் போன்றவை. மற்றபடி காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், வலிக்கு இபுப்ரோஃபென், சளிக்கட்டுக்கு அமாக்சிசிலின் என்று நாம் அன்றாடம் தொடுபவை பெரும்பாலும் பயமில்லாதவை. தாய் சாப்பிடும் அளவை அவள் எடைக்கு வகுத்து, பிள்ளைக்குப் பால் வழியே போவதை அதன் எடைக்கு வகுத்து ஒப்பிட்டால், பத்தில் ஒரு பங்குக்குக் கீழ் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை என்பது ஒரு கணக்கு. பிறந்து முதல் சில வாரங்களும், குறைமாதப் பிள்ளைகளும்தான் அதிகக் கவனம் வேண்டிய இடம்.

பால் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 1950-களின் பிற்பாதியில் துருக்கியில், பூஞ்சைக்கொல்லி கலந்த விதைக் கோதுமையை ஜனங்கள் பஞ்சத்தில் சாப்பிட்டுவிட்டார்கள். ஹெக்சாகுளோரோபென்சீன் என்ற அந்த நஞ்சு தாய்ப்பாலில் இறங்கிப் பால்குடிப் பிள்ளைகள் ஏராளமாகச் செத்தன. கோடீன், டிராமடால் என்ற வலிமருந்துகள் சில தாய்களின் உடம்பில் வேகமாக மாறிப் பிள்ளையின் மூச்சையே அடக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. பால் கொடுக்கிறேன் என்று சொல்லாமல் இருமல் சிரப் கேட்டு நீட்டும் கைகளை அதனால்தான் நான் நிறுத்திக் கேட்கிறேன். மூக்கடைப்புக்குப் போடும் சில சளி மாத்திரைகள் பாலையே வற்றவைத்துவிடக்கூடும். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையிலும் இந்த வம்பு உண்டு. அரசு இலவசமாகக் கொடுத்த மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருப்பதால் ஆறு மாதத்துக்குள் பால் கொடுப்பவளுக்கு ஏற்றதல்ல. லக்னோ ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த, ஹார்மோன் இல்லாத வாரமாத்திரையை அரசு 'சாயா' என்ற பெயரில் 2017-இல் கொண்டுவந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எச்.ஐ.வி. விஷயத்திலும் வரலாறு காசநோயின் பாதையில்தான் நடந்தது. இந்தியாவில் அந்தக் கிருமியை முதலில் கண்டறிந்தது 1986-இல், நம் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். பல வருஷங்கள் அந்தக் கிருமி உள்ள தாய்கள் பாலூட்டுவதா வேண்டாமா என்று தவித்தார்கள். தாய் ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் பாலூட்டும்போதும் பிள்ளையைக் காக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வழிகாட்டியது. இந்தியாவில் 2014 முதல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் வாழ்நாள் சிகிச்சை கிடைக்கிறது. தாய் மருந்து சாப்பிட்டுப் பிள்ளையைக் காப்பாற்றுவது என்ற பழைய பேச்சு இங்கே அட்சரம் பிசகாமல் உண்மையானது.

கொரோனா தடுப்பூசி 2021 ஜனவரியில் வந்தபோது பாலூட்டும் தாய்களுக்கு வேண்டாம் என்றார்கள். மே மாதம் 19-ஆம் தேதி போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. நடுவில் இருந்த அந்த மாதங்களில்தான் இரண்டாவது அலை அடித்தது. போன் மேல் போன். தெரியவில்லை என்பதையே ஆபத்து என்று எடுத்துக்கொண்டு எத்தனை பெண்களைக் காக்கவைத்தோம் என்று இப்போதும் ஆறவில்லை.

2015-இல் தமிழக அரசு பிரசவித்தவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய பெட்டகத்தில் கொசுவலை, சோப்பு, நகவெட்டியோடு சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. பத்தியத்துக்கும் அரசு முத்திரை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி பெயர், விலை, காலாவதித் தேதி எல்லாம் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். பாலூட்டுபவர் சாப்பிடலாமா என்று தமிழில் ஒரு சொல் இல்லை. உள்ளே காகிதம் இருந்தால், "போதிய தகவல் இல்லை, மருத்துவரைக் கேட்கவும்" என்று இருக்கும். எங்கள் பக்கம் இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கம்பெனி வேலை செய்யும் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பெண்களுக்குத் தமிழும் வராது, ஆங்கிலமும் வராது. அதனால் நான் அவர்களுக்கு அட்டையின் பின்பக்கம் பேனாவால் வரைந்து கொடுக்கிறேன்: சூரியன் வரைந்தால் காலையில், நிலா வரைந்தால் இரவில், பிள்ளையை அணைத்த தாயின் உருவம் வரைந்தால் பாலூட்டிக்கொண்டே போடலாம். பிள்ளை அதிகமாகத் தூங்கினால், பால் குடிக்க எழவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வா என்பதை மட்டும் கையைப் பிடித்து, எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்கிறேன். மருந்துக் கம்பெனிகள் அந்த மூன்றாவது படத்தை அட்டையிலேயே அச்சடித்தால் என்ன செலவாகிவிடும் என்று கேட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும் வரை எழுதுவேன்.